நல்ல விலை எண்டால் எத்தனை ரூபா?

எங்கள் கடன் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 'கடனை எந்த வருமானத்திலிருந்து திருப்பிக் கட்டுவீர்கள்?' அந்த இடத்தை வெறுமையாக விட்டால் படிவம் கடன் குழுவுக்குப் போகாது. மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் சிக்கன கடனுதவுச் சங்கங்களோடு வேலை செய்கிறேன். ஐம்பதாயிரம் கேட்பவரும் இரண்டு லட்சம் கேட்பவரும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

விசுவமடுப் பக்கம் ஒரு அக்கா கோழி வளர்க்கக் கடன் கேட்டு வந்தார். மகளின் பழைய கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். 100 குஞ்சு, தீன் இத்தனை மூட்டை, எந்த மாதம் முட்டை வரத் தொடங்கும், கடைக்காரர் முட்டையை என்ன விலைக்கு எடுப்பார் என்று வரிவரியாக இருந்தது. அடியில் 'கீரிக்கு 5, வருத்தத்துக்கு 10' என்று கழித்திருந்தார். அதைப் பார்த்து நான் நிமிர்ந்தபோது, "எல்லாக் கோழியும் தப்பும் எண்டு கணக்குப் போட்டால் பிறகு உங்களுக்குத்தானே தம்பி பொய் சொல்ல வேண்டி வரும்" என்றார்.

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு வேட்பாளரின் ஆட்கள் நடத்திய கூட்டத்தில் அந்தத் தாள்தான் எனக்கு நினைவில் வந்துகொண்டிருந்தது. களத்தில் 38 வேட்பாளர்கள். வந்தவர்கள் ஒரு மணித்தியாலம் பேசினார்கள். உற்பத்தி பெருகும், வடக்கில் தொழிற்சாலைகள் வரும், கமக்காரரின் நெல்லுக்கு நல்ல விலை கிடைக்கும் என்றார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு ஐயா எழும்பினார்.

"தம்பி, நல்ல விலை எண்டு சொன்னியள். நல்ல விலை எண்டால் கிலோ எத்தனை ரூபா? எந்த மாதத்தில இருந்து எடுப்பியள்?"

"ஐயா, எங்கட தலைவர் வரட்டும். வந்தாப் பிறகு எல்லாம் சரிவரும்."

ஐயா மறுபேச்சுப் பேசவில்லை. உரக்கடையில் விலை கேட்கிற குரலில்தான் கேட்டிருந்தார். பதில் கிடைக்காததும் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

வன்னிச் சனத்துக்குப் பொருளாதாரம் விளங்காது, அவர்கள் இனப்பிரச்சினையை மட்டும் பார்த்துத்தான் புள்ளடி போடுகிறார்கள் என்று படித்தவர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பிழை. கொழும்பில் எடுக்கிற ஒரு முடிவு தன் வளவுக்குள் எப்படி வந்து நிற்கும் என்பதை எங்கள் சனத்தைப்போல அனுபவித்தவர்கள் குறைவு. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டு வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் செத்தல் மிளகாய் விளைவித்தவர்கள் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. எழுபது வயது தாண்டிய கமக்காரரிடம் கேளுங்கள், மூட்டைக் கணக்கோடு சொல்லுவார்.

2019ஐயும் எடுத்துப் பாருங்கள். அந்த ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கோத்தாபய ராஜபக்சவின் விஞ்ஞாபனத்தில் வாக்குறுதி மொட்டையாக இருக்கவில்லை. வரியைக் குறைப்போம் என்று தெளிவாகவே சொன்னார்கள், டிசம்பர் 1ஆம் திகதியே வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தும் விட்டார்கள். அதனால் திறைசேரிக்கு வராமற்போகும் காசை எங்கிருந்து ஈடுகட்டுவது என்ற வரிதான் இல்லை. அதே விஞ்ஞாபனம் சேதனப் பசளைக்கு மாறுவதற்குப் 10 ஆண்டு சொன்னது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோக விதைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தை நம்பிக் கடன் எடுத்தவர்கள் தவணை தள்ளிப்போடச் சொல்லி எங்கள் வாசலில் நின்றார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனம் வராது, சங்கத்தின் காசோ ஊராரின் சேமிப்பு. அந்த நாட்களை நான் மறக்கமாட்டேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடே கையை விரித்தது. 8 வீதமாக இருந்த வற் 2024 ஜனவரி முதல் 18 வீதம். 2019இல் குறைந்ததை வட்டியோடு நாங்களே கட்டுகிறோம்.

அதனால் இலக்கம் சொன்னால் மட்டும் போதாது. காசு எங்கிருந்து வரும், யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதையும் கேட்கவேண்டும். 'யாருக்குக் கிடைக்காது' என்ற கேள்வியை நான் 2018இல் படித்தேன். வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்கும் என்று அறிவிப்பு வந்தது. ஊரே மகிழ்ந்தது. நிபந்தனையை வாசித்தால், தவணை தவறி மூன்று மாதம் கடந்தவர்களுக்குத்தான் அந்த நிவாரணம். தாலிக்கொடியை அடகு வைத்துக் கிழமைத் தவணையை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு ஒன்றுமில்லை. "நான் கட்டினது பிழையோ?" என்று ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

'வடக்கின் அபிவிருத்தி' என்ற சொல்லையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கச் சொல்லுவேன். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் திறக்கப்படுகின்றன. எத்தனை பேருக்கு வேலை, மூலப்பொருள் எங்கிருந்து, கழிவுநீர் எந்தக் குளத்துக்குப் போகும் என்று மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காணியைப் பற்றிய பேச்சு இன்னும் குறைவு. கேப்பாப்பிலவில் தன் காணி படைமுகாமுக்குள் இருக்கிறவருக்கும், தகப்பன் விதைத்த வயலில் வன இலாகா எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனவருக்கும் குறைந்த வட்டிக் கடன் என்ன செய்யும்? காணி விடுபடாமல் அவருடைய படிவத்தை என்னால் நிரப்பவே முடியாது.

தெளிவாகச் சொன்னால் சனம் எப்படி மாறுகிறது என்பதையும் கண்டிருக்கிறேன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபா என்று ஊர்ப் பெயரோடும் தொகையோடும் வந்தது. அன்றிலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் பேச்சே வேறு. ஒப்பந்தம் யாருக்கு, எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கேட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் நெல்லுக்கு உத்தரவாத விலை வந்தது: நாடு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. போதாது என்று பலர் சொன்னார்கள். அறுவடை தொடங்கிய பிறகு அறிவித்து என்ன பயன் என்றும் சொன்னார்கள். இரண்டும் நியாயமான வாதம், ஓர் இலக்கம் முன்னால் இருந்தபடியால்தான் அந்த வாதம் நடந்தது.

அடுத்த முறை யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், கூட்டத்தில் ஒருவராவது கொப்பியோடு போய் இருங்கள். சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே திகதி போட்டு எழுதுங்கள். 'நல்ல விலை' என்றால் 'நல்ல விலை' என்றே எழுதுங்கள், நீங்களாக ஓர் இலக்கத்தைப் போட்டு நிரப்பாதீர்கள். வேட்பாளரைச் சட்டம் கொண்டு பதில் சொல்ல வைக்க முடியாது. வென்ற பிறகு முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் ஊருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று பிரதேச செயலகத் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். எழுதத் தயங்குகிறவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், இருந்து எழுதித் தருகிறேன்.

எங்கள் சங்க அலுமாரியில் இப்போது அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. 2024 ஓகஸ்ட் கூட்டத்தில் ஐயா கேட்ட கேள்வி அதில் முதலாவது பக்கத்தில் இருக்கிறது. எதிரே பதிலுக்கு நான் விட்ட இடத்தில் 'தலைவர் வந்தாப் பிறகு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஐயா வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.