அறிதிறன் மறுவாழ்வுப் பயிற்சி: சொல் விளக்கம்

நோயாலோ விபத்தாலோ நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றில் இடர்ப்படுவோர் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வதற்காக முறையாக அளிக்கப்படும் பயிற்சியை மருத்துவர்கள் ‘காக்னிட்டிவ் ரீஹாபிலிடேஷன்’ என்கின்றனர். தமிழில் இதற்குப் புலனுணர்வு மறுவாழ்வு, அறிவாற்றல் மறுவாழ்வு, அறிதிறன் மீட்பு எனப் பல பெயர்கள் எழுதப்படுகின்றன.

முதற்சொல், ‘அறிந்துகொள்’ எனப் பொருள்படும் ‘காக்னோஸ்கெரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கண், காது முதலியவற்றின் வழி உணர்வதே புலனுணர்வு. நினைவும் திட்டமிடலும் அதில் அடங்கா. அறிவாற்றல் குறைந்துவிட்டது என்றாலோ, நோயாளி புத்தி மழுங்கியவர் என்ற தொனி வந்துவிடுகிறது. அறியும் செயலை மட்டும் சுட்டும் ‘அறிதிறன்’ இவ்விரு குறைகளும் இல்லாதது. இரண்டாவது சொல்லின் வேர், ‘தகுதியுடைய’ என்னும் பொருள் கொண்ட ‘ஹாபிலிஸ்’. பதவியும் உரிமையும் இழந்தவருக்கு அவற்றைத் திரும்ப அளிப்பதை இடைக்கால இலத்தீனில் குறித்த சொல், பிற்காலத்தில் மருத்துவத்துக்கு வந்தது. முதல் உலகப் போரில் மூளையில் காயமுற்ற படைவீரர்களுக்காக பிராங்க்பர்ட்டில் நரம்பியல் மருத்துவர் குர்ட் கோல்ட்ஸ்டைனும், இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் நாட்டில் நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவும் செய்த பணிகள் இத்துறைக்கு அடித்தளமாயின.

இப்பயிற்சி தேவைப்படும் நோய்களுள் ஒன்றான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பொறுத்தவரை, ‘தண்டுவட மரப்பு நோய்’ என்ற வழக்குப் பெயரே ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. ‘ஸ்கிளிரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கடினம் என்று பொருள். நரம்பிழைகளின் மேலுறையாகிய மயலின் சிதைந்து தழும்பேறிய திட்டுகள் தண்டுவடத்தில் மட்டுமன்றி மூளையிலும் உண்டாகின்றன. பாரிஸில் 1868இல் இந்நோயை விரிவாக வரையறுத்த நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நினைவு தளர்வதையும் அப்போதே குறித்திருக்கிறார். இந்நோயாளிகளில் ஏறத்தாழ 40 முதல் 65 விழுக்காட்டினருக்கு அறிதிறன் குறைபாடு இருந்தும், கால் மரத்துப்போவதை நோயென்று கொள்ளும் குடும்பம் மறதியை அசட்டை என்று கடிந்துகொள்வது இன்றும் நடக்கிறது.

இங்கு நினைவு அழிந்துபோவதைவிட, புதியது பதிவதில்தான் பெரும்பாலும் தடங்கல். ஒரு சொற்பட்டியலை நன்கு பதியும்வரை கூடுதல் முறை படிக்கவிட்டால், பின்னர் அதை நினைவுகூர்வதில் இவர்கள் ஏனையோருக்குப் பெரிதும் பின்தங்குவதில்லை என்பதை 1990களில் அமெரிக்க நரம்பு உளவியலாளர் ஜான் டிலூக்காவின் ஆய்வுகள் காட்டின. நியூ ஜெர்சியின் கெஸ்லர் நிறுவனத்தில் சோதிக்கப்பட்ட கதைவழி நினைவுமுறை இதை ஒட்டி அமைந்தது: வாரம் இரு அமர்வாக ஐந்து வாரங்களில் பத்து அமர்வுகள். முதலில் கேட்ட கதையை மனத்தில் காட்சியாக்கப் பழகுகிறார்கள். அடுத்து, தொடர்பற்ற சொற்களைக் கொண்டு தாமே கதை கட்டுகிறார்கள். கண்மருந்து, பால், சாவி, மின்கட்டணம் ஆகிய நான்கையும் நினைவில் வைக்க வேண்டியவர், பால்காரர் கண்ணில் மருந்து வழிய, மின்கட்டண ரசீதில் சாவியைப் பொதிந்து நீட்டுவதாகக் கற்பனை செய்யலாம். காட்சி எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு நல்லது.

பிரிட்டனில் இந்நோயாளிகள் 449 பேரிடம் நடந்த, 2020இல் வெளியான கிராம்ஸ் ஆய்வோ, குழுப் பயிற்சியால் அன்றாட மறதித் தொல்லையில் சிறு நன்மையே கண்டது. ஓராண்டு கழித்து, நோயால் ஏற்படும் மனத்தாக்கத்தில் பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, இழந்தது அப்படியே திரும்பும் என்று வாக்களிக்கும் ‘மீட்பு’ இங்குப் பொருந்தாது. குறிப்பேடு, கைப்பேசி நினைவூட்டல், சாவிக்கு ஒரே இடம் என்று வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொள்வதும் இப்பயிற்சியில் அடங்குவதால் ‘மறுவாழ்வு’ என்பதே நெருக்கமான சொல்.

அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் மறுவாழ்வு மையம் என்றால் குடிநோயும், மறுவாழ்வு முகாம் என்றால் இலங்கைத் தமிழர் குடியிருப்பும் நினைவுக்கு வரும். இலங்கையில் ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லின் மேல், போருக்குப் பிந்தைய தடுப்பு முகாம்களின் நிழல் படிந்திருக்கிறது. ‘பயிற்சி’ என்பதைச் சேர்த்து எழுதினால் இம்மயக்கம் தீரும். சுருக்கம் கருதி ‘அறிதிறன் பயிற்சி’ என்பாரும் உளர்; கைப்பேசியில் புதிர் விளையாடும் ‘மூளைப் பயிற்சி’யோடு அது குழம்பிவிடும் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன்.