காஞ்சு நிக்கிற செடி செத்த செடி இல்லைங்க

போன வாரமும் அதே கதைதான். ஒருத்தர் போட்டோவுக்காக நடைபாதைய விட்டு இறங்கி காஞ்ச புல்லுக்கு நடுவுல போய் நின்னாரு, நான் ஓடிப்போய் வெளிய வாங்கன்னு சொன்னா, "எல்லாம் காஞ்சுதானே கெடக்கு, இதுல என்ன கெட்டுப்போகப் போகுது"ன்னு கேக்குறாரு. அவர் போனதும் குனிஞ்சு பாத்தேன். ஷூ பதிஞ்ச பள்ளத்துல மூணு குரோக்கஸ் (மண்ணுக்குள்ள இருக்குற குமிழ்ல இருந்து வர்ற சின்னப் பூச்செடி) முளை நசுங்கிக் கெடந்துச்சு, நகம் அளவுதான் மண்ணுக்கு வெளிய வந்திருந்துச்சு. இந்த வருஷம் அந்த மூணும் பூக்காது. குளிர்காலம் முடியுற நேரத்துல இதே தொல்லை வாரத்துக்கு நாலு தடவ, அதான் எழுத உக்காந்துட்டேன்.

நான் தோட்டவேலை பாக்குறது பழைய ரயில் பாலத்து மேல போட்ட பார்க்ல. நியூயார்க் ஹை லைன் மாதிரின்னு சொன்னா பலபேருக்குப் புரியும். அங்க 1980-ல ரயில் நின்னுபோச்சு, அப்புறம் தண்டவாளத்துல தானா முளைச்ச புல்லும் பூவும்தான் 2009-ல திறந்த பார்க்குக்கே முன்மாதிரி. அங்க நடவு டிசைன் பண்ண பீட் அவுடால்ஃப் பூவை மட்டும் பாத்து செடி எடுக்குற ஆள் இல்ல, காஞ்சப்புறம் தண்டும் விதைத்தலையும் எப்படி நிக்கும்னும் சேத்துப் பாத்துத்தான் எடுப்பாரு.

இப்ப என்னைய ரொம்ப எரிச்சல் பண்ற கேள்விக்கு வரேன். "இவ்ளோ குப்பைய ஏன் வெட்டாம வச்சிருக்கீங்க, ஆள் பத்தலையா?" ஆள் இருக்கோம்ங்க. வேணும்னேதான் வெட்டாம விட்டிருக்கோம். மேல காஞ்சிருக்கே தவிர கீழ வேரும் குருத்தும் உயிரோட தூங்குது. அந்தக் காஞ்ச இலைதான் அதுக்குப் போர்வை. விதைத்தலையில குருவிக்குச் சாப்பாடு இருக்கு. ஒரு உடைஞ்ச தண்டை எடுத்துக் கண்ணுகிட்ட வச்சுப் பாருங்க, உள்ள பொந்தா இருக்கும், சின்னச் சின்ன காட்டுத் தேனீங்க முட்டை வச்சு மண்ணால வாயை அடைச்சிருக்கும். அதத்தான் குப்பைங்கிறீங்க. திரும்பவும் சொல்றேன், காஞ்சது வேற, செத்தது வேற.

இதுல பாலத்துக்குன்னு தனிப் பிரச்சனை ஒண்ணு. தரையில இருக்குற செடிக்கு அடியில பூமியோட சூடு இருக்கு, இங்க கான்கிரீட்டுக்குக் கீழயும் குளிர்காத்துதான், மண்ணு பல இடத்துல ஒன்றரை அடிகூட கிடையாது. ஈரமா இருக்கும்போது ஒருத்தர் மிதிச்சா அது இறுகிடும், அப்புறம் தண்ணியும் இறங்காது காத்தும் போகாது, தரைத் தோட்டம் மாதிரி ஆழமா கொத்திவிடவும் முடியாது, கீழயே வடிகால் அடுக்கும் நீர்த்தடுப்பு ஷீட்டும் இருக்கு. கோடையில அதே கொஞ்ச மண்ணு சட்டுனு காஞ்சுபோகும். அதுக்காக பாவம்னு பாட்டில்ல மிச்சமிருக்கிற ஜூஸ், காபிய ஊத்தாதீங்க, அது உதவி இல்ல.

கத்தரிக்கிறது மார்ச்ல. ஒரு வாரம் முன்னாடி பண்ணா பனி கடிச்சிரும், ரெண்டு வாரம் தள்ளிப்போனா பழைய புல்லோட புதுக் குருத்தும் சேர்ந்து கத்தரிக்குள்ள போயிரும் (புதுசா வர்ற பசங்க மொதல்ல பண்ற தப்பு இதுதான்). எல்லாமே கையாலதான், குமிழ்ச்செடிங்க முளைச்சு வர்ற இடத்துல மெஷின் விட முடியாது.

பார்க்க வர்றவங்க செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி. பாதையிலயே நடங்க. கீழ விழுந்த தொப்பி, போன் எதுவா இருந்தாலும் எங்கள கூப்பிடுங்க, எங்க கால் வைக்கலாம்னு எங்களுக்குத் தெரியும். இலையுதிர்காலத்துல விதைத்தலைய ஒடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. கீழ ரோடு காஞ்சிருக்குன்னு நம்பி வழுக்குற செருப்புல வராதீங்க, பாலம் மேல நடைபாதை சீக்கிரம் உறைஞ்சிடும். இடி இடிச்சா போட்டோவ அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல கீழ இறங்குங்க. குழந்தைங்க ஆசையில பாத்திக்குள்ள ஓடும், அதுங்கள திட்டாதீங்க, குனிஞ்சு அந்த முளையக் காட்டுங்க, ஒரு தடவ பாத்த குழந்தை அப்புறம் தானா ஒதுங்கி நடக்குறத நான் நெறைய பாத்திருக்கேன்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு பார்க் இருந்து, மார்ச்ல கத்தரிக்க தன்னார்வலர் வேணும்னு கேட்டா ஒரு காலை நேரம் குடுங்க. முழுக்கை சட்டை போட்டு வாங்க, காஞ்ச புல்லு கையக் கீறும்.