மூளைக் கட்டி: உங்கள் திசு பிளாக் எங்கே இருக்கிறது?

"எத்தனையாவது ஸ்டேஜ் டாக்டர்?" மூளையில் கட்டி என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மார்பகம், குடல், நுரையீரல் என்று மற்ற புற்றுநோய்களில் கேட்டுப் பழகிய கேள்வி. மூளையிலேயே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டேஜ் கிடையாது. அவை மூளையையும் தண்டுவடத்தையும் தாண்டி உடலின் மற்ற பகுதிகளுக்குப் போவது மிக அரிது. அதனால் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு வேகமாக வளரும் என்பதைத்தான் அளக்கிறோம். அதற்குப் பெயர் கிரேடு. 1 முதல் 4 வரை. (வேறு உறுப்பில் தோன்றி மூளைக்கு வந்து சேரும் கட்டிகள் தனி வகை. பெரியவர்களிடம் எண்ணிக்கையில் அவையே அதிகம் என்றாலும், இங்கே பேசுவது மூளையிலேயே தோன்றும் கட்டிகளைப் பற்றி.)

கிரேடும் இன்று முழுப் பதில் ஆகாது. 2008-ல் கிளியோபிளாஸ்டோமா என்ற, மிக வேகமாக வளரும் மூளைக் கட்டிகளின் மரபணுக்களை வரிசையாகப் படித்த ஓர் ஆய்வில், சில நோயாளிகளின் கட்டியில் மட்டும் ஐடிஎச்1 என்ற மரபணு மாறியிருப்பது தெரிந்தது. அவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்கள். மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தவர்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரிந்தவை உண்மையில் இரண்டு வேறு நோய்கள். 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதை விதியாகவே ஆக்கிவிட்டது. ஐடிஎச் மாறியிருந்தால், எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும், அதைக் கிளியோபிளாஸ்டோமா என்று எழுதக் கூடாது. மறுபுறம், பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும் பெரியவர்களின் கட்டி ஒன்றில் ஐடிஎச் மாறாமல், டெர்ட் மரபணுவின் முன்பகுதி மாற்றமோ, ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் பெருக்கமோ, 7-ஆம் குரோமோசோம் கூடி 10-ஆம் குரோமோசோம் குறைந்த நிலையோ இருந்தால் அது கிரேடு 4 கிளியோபிளாஸ்டோமாதான்.

ஆராய்ச்சி தந்த இந்த அறிவு முழுவதும் நோயாளிக்குப் பயன்படுவதும் வீணாவதும் ஒரே ஒரு பொருளைப் பொறுத்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் எடுத்த திசு அது. பிளாக் என்பார்கள். விரல் நுனி அளவு மெழுகுக் கட்டி, நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு, பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தில் ஓர் எண். அவ்வளவுதான் அதன் உருவம். அதிலிருந்து 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவி எடுக்கும் இழைகளில்தான் எல்லாப் பரிசோதனையும் நடக்கிறது.

அந்தத் துணுக்கு கெட்டுப்போக வழிகள் பல. எடுத்த திசுவை உடனே 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு அளவு திரவத்தில் போட வேண்டும். சலைனில் போட்டு மணிக்கணக்கில் வைத்துவிட்டால் செல்கள் சிதையத் தொடங்கும். ஃபார்மலினில் பல நாள் ஊறவிட்டாலும் டிஎன்ஏ துண்டு துண்டாகி மரபணுப் பரிசோதனை தோற்றுப்போகும். கிரேடு 4 கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்த திசு. அங்கிருந்து மட்டும் எடுத்தால் 'முடிவுக்கு வர இயலவில்லை' என்று ரிப்போர்ட் வரும். எம்ஆர்ஐயில் மருந்து ஏற்றிய பின் வெள்ளையாக ஒளிரும் விளிம்பிலிருந்து எடுப்பது அதனால்தான். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கேனில் லிம்போமாவாக (ஒரு வகை வெள்ளை அணுக்களில் தோன்றும் புற்றுநோய்) இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், உயிருக்கு அவசரம் இல்லாதவரை பயாப்சிக்கு முன் டெக்ஸாமெத்தசோன் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அந்த ஸ்டீராய்டு ஓரிரு நாளிலேயே லிம்போமாவைச் சுருக்கி, பயாப்சியில் எதுவும் கிடைக்காமல் செய்துவிடும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கிரேடு என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல் கீழேயும் படியுங்கள். ஐடிஎச்1 ஆர்132எச் என்ற சாயப் பரிசோதனை முதற்படி. ஐடிஎச்1 மாற்றங்களில் சுமார் 90 சதவீதத்தை அது பிடித்துவிடும். அது நெகடிவ் என்று வந்து நோயாளிக்கு 55 வயதுக்குக் கீழே என்றால், மீதமுள்ள அரிய மாற்றங்களைத் தேட மரபணு வரிசைப் பரிசோதனை தேவை. ஐடிஎச் மாறியிருந்தால் அடுத்த கேள்வி 1பி/19கியூ: 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19-ஆம் குரோமோசோமின் நெட்டைக் கையும் இரண்டும் இல்லாமல் போயிருந்தால் அது ஆலிகோடெண்ட்ரோகிளியோமா. கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் நன்றாகக் கட்டுப்படும் வகை. கிளியோபிளாஸ்டோமா என்றால், கீமோ மாத்திரை எவ்வளவு பலன் தரும் என்பதைக் காட்டும் எம்ஜிஎம்டி மெத்திலேஷன் பரிசோதனையைக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கும், மூளைத்தண்டு, தாலமஸ் போன்ற நடுக்கோட்டுப் பகுதிகளில் கட்டி உள்ளவர்களுக்கும் எச்3 கே27 என்ற மாற்றத்துக்கான பரிசோதனை அவசியம்.

இந்த வரிகள் ரிப்போர்ட்டில் இல்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டாவது கருத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் போதாது; பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிச் செல்லுங்கள். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கக் கூடாது.

"முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு ரேடியேஷன்?" இதுவும் நியாயமான கேள்விதான். 1928-ல் அமெரிக்க அறுவை நிபுணர் வால்டர் டேண்டி, கிளியோமா (மூளையின் தாங்கு செல்களில் தோன்றும் கட்டி; கிளியோபிளாஸ்டோமா அதில் ஒரு வகை) வந்த நோயாளிகளுக்கு மூளையின் ஒரு பாதியையே அகற்றிப் பார்த்தார். அப்படியும் நோய் திரும்ப வந்தது. கிளியோமா செல்கள் கட்டியின் எல்லையோடு நிற்பதில்லை. நரம்பு இழைகளைப் பற்றிக்கொண்டு நல்ல மூளைக்குள் தனித்தனியாக நகர்கின்றன. ஸ்கேனில் தெரிவது திரளாக இருக்கும் பகுதி மட்டும். ஆனாலும் பாதுகாப்பாக எவ்வளவு கூடுதலாக எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கட்டியை ஒளிரச் செய்யும் 5-ஏஎல்ஏ என்ற மருந்தை அறுவைக்குச் சில மணி நேரம் முன் குடிக்கக் கொடுத்து, நீல ஒளியில் பார்த்து அறுத்தபோது, எம்ஆர்ஐயில் ஒளிரும் கட்டி முழுமையாக நீங்கியவர்கள் 36 சதவீதத்திலிருந்து 65 சதவீதமாக உயர்ந்தனர். 2006-ல் வெளியான ஆய்வு அது. அந்த மருந்து குடித்தவர் 24 மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் இருக்கக் கூடாது, தோல் வெந்துபோகும்.

அறுவைக்குப் பின் கிளியோபிளாஸ்டோமாவுக்கு நாம் தரும் சிகிச்சையின் முதுகெலும்பு இன்னும் 2005-ல் வெளியான 573 பேர் ஆய்வுதான். 6 வாரத்தில் 30 தவணையாக 60 கிரே அளவு ரேடியேஷன், கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. இரண்டு ஆண்டு தாண்டி வாழ்ந்தவர்கள் ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 10.4 சதவீதம், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26.5 சதவீதம். எம்ஜிஎம்டி மெத்திலேஷன் உள்ளவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. இந்த மருந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது, எம்ஜிஎம்டி அந்தச் சேதத்தைப் பழுதுபார்க்கிறது; மெத்திலேஷன் அந்தப் பழுதுபார்ப்பவரை வேலை செய்யவிடாமல் நிறுத்திவைக்கிறது.

வீட்டில் தவறு நடப்பது இந்த மாத்திரையில்தான். ரேடியேஷன் வாரத்தில் 5 நாள். மாத்திரை 7 நாளும். சனி, ஞாயிறு ரேடியேஷன் இல்லை என்று மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு அடுத்த கட்டத்தில் வருகிறது. ரேடியேஷனோடு தரும் அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம். 1.7 சதுர மீட்டர் உள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 125 முதல் 130 மில்லிகிராம். ரேடியேஷன் முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பின் அளவு 150-க்கும், பிறகு 200-க்கும் ஏறும். அதே ஆளுக்கு 340 மில்லிகிராம் வரை போகும். ஆனால் அது 5 நாள் மட்டும். அடுத்த 23 நாள் ஒன்றும் கிடையாது. முன்பு தினமும் சாப்பிட்ட பழக்கத்தில் இந்தக் கூடிய அளவையும் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். காலண்டரில் அந்த 5 தேதிகளை வட்டமிடுங்கள், அந்த 5 நாள் மாத்திரையை மட்டும் வெளியே வையுங்கள்.

வெறும் வயிற்றில், வாந்தித் தடுப்பு மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, கேப்சூலைத் திறக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு மறுபடி போடக் கூடாது. ரேடியேஷன் காலத்தில் வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழோ நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) 1,500-க்குக் கீழோ இறங்கினால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும். நுரையீரல் தொற்றைத் தடுக்க எழுதிக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோலை 'இது எதற்கு' என்று விட்டுவிடாதீர்கள்.

மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. காலையிலும் மதியத்துக்குள்ளும் போட்டால் இரவில் தூக்கம் கெடாது. சர்க்கரை ஏறும்; பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தக் கூடாது. நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, படி ஏற முடியவில்லை, இரண்டு தொடையும் ஒன்றுபோல் வலுவிழந்திருக்கிறது என்றால் கட்டி வளர்ந்துவிட்டது என்று பதறும் முன் ஸ்டீராய்டின் அளவைப் பாருங்கள். தொடைத் தசையைக் கரைப்பது அதன் வழக்கம்.

ரேடியேஷன் முடிந்து எடுக்கும் முதல் எம்ஆர்ஐ பல குடும்பங்களை உடைத்துவிடுகிறது. 'கட்டி பெரிதாகியிருக்கிறது' என்று வரும். முதல் 3 மாதத்துக்குள் இப்படித் தெரிவதில் ஒரு பங்கு உண்மையான வளர்ச்சியே அல்ல. சிகிச்சையின் தாக்கத்தில் திசு வீங்கி மருந்தை உறிஞ்சிக் காட்டும் போலி வளர்ச்சி. எம்ஜிஎம்டி மெத்திலேஷன் உள்ளவர்களிடம், அதாவது மருந்து நன்றாக வேலை செய்கிறவர்களிடமே, இது அதிகம். நோயாளி நன்றாக இருக்கும்போது இந்த ஒரு ஸ்கேனை வைத்து டெமோசோலமைடை நிறுத்துவது பெரும் பிழை என்பது எங்கள் உறுதியான கருத்து. ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃபியூஷன் ஸ்கேன் உதவும். சில வாரம் கழித்து மறு எம்ஆர்ஐ எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. பெவசிசுமாப் என்ற மருந்தைப் போட்டால் ஸ்கேன் சில நாளிலேயே அழகாக மாறும், வீக்கம் வடியும். ஆனால் புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்து 2014-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் அது ஆயுளைக் கூட்டவில்லை.

புதிய மருந்துகளில் நம்பிக்கையோடு சொல்லக்கூடியது வோராசிடெனிப். ஐடிஎச் மாறிய கிரேடு 2 கட்டிக்கு அறுவை மட்டும் செய்துகொண்ட 331 பேரிடம் 2023-ல் வெளியான ஆய்வில், கட்டி வளராமல் நின்ற காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீண்டது. கல்லீரல் என்சைம்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஐடிஎச் மாறாத கட்டிக்கு இது எந்த விதத்திலும் பயன்படாது. மறுபடியும் பிளாக்கிடமே வந்து நிற்கிறோம்.

மருந்து ஆய்வில் சேர விரும்பினால் ரேடியேஷன் தொடங்கும் முன்பே கேளுங்கள். பல ஆய்வுகள் சிகிச்சை தொடங்கியவர்களைச் சேர்ப்பதில்லை. ஆய்வின் பதிவு எண் என்ன, எதோடு ஒப்பிடுகிறார்கள், திசு எவ்வளவு வேண்டும், கூடுதலாக எத்தனை ஸ்கேன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட பிறகும் எந்த நாளிலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

நோய் திரும்பி இரண்டாவது அறுவை நடந்தால் புதிய திசுவையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். டெமோசோலமைடு பெற்ற கட்டிகளில் சில, ஏராளமான புது மரபணு மாற்றங்களோடு திரும்புகின்றன. சிலவற்றில் முன்பு இருந்த ஈஜிஎஃப்ஆர் மாற்றம் காணாமல் போயிருக்கும். பழைய பிளாக்கையும் புதிய பிளாக்கையும் தனித்தனி உறையில், அறுவை நடந்த தேதியை வெளியே எழுதி வையுங்கள்.