"நான் இல்லன்னா வீட்டுக்கு நிம்மதி" – அந்த வார்த்தை காதுல விழுந்தா

தற்கொலை எண்ணத்தோட மனநல வார்டுல சேர்ந்தவங்க டிஸ்சார்ஜ் ஆகுற அன்னைக்கு, வீட்டுக்காரங்க என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் இதுதான், "தூங்குறாரு, சாப்பிடுறாரு, இனிமே பயமில்லல்ல?" தூக்கமும் பசியும் மருந்துக்கு சீக்கிரமே திரும்பிடலாம், ஆனா யோசிக்கிற விதம் மாற நாளாகும். வீட்டுக்குப் போன முதல் சில வாரம்தான் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய காலம்னு நாங்க சொல்லிட்டே இருக்கோம், ஆள் தெளிவா தெரியுறதப் பாத்து எல்லாரும் அசந்துடுறாங்க.

மனநல மருத்துவர் ஆரோன் பெக் குழு 1985-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தற்கொலை எண்ணத்தோட அட்மிட் ஆன 207 பேர 5 முதல் 10 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்திருக்காங்க, அதுல 14 பேர் தற்கொலையில இறந்துட்டாங்க. டிப்ரஷனோட மொத்த அளவு அத முன்கூட்டி காட்டல, "இனிமே எதுவும் மாறாது"ங்குற நம்பிக்கையின்மைதான் காட்டுச்சு. அதுக்காக அந்த நம்பிக்கையின்மைய அளந்த ஸ்கோர மட்டும் வச்சு யாரையும் முடிவு பண்ணிட முடியாது, ஸ்கோர் அதிகமா இருந்த நிறைய பேர் உயிரோடதான் இருந்தாங்க.

நான் கவனிக்கிற இன்னொன்னு ஞாபகம். "போன மாசம் மனசுக்கு கொஞ்சம் இதமா இருந்த ஒரு நாள சொல்லுங்க"ன்னு கேப்பேன். சிலர் "முன்னாடி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு நிறுத்திடுவாங்க, எவ்வளவு நேரம் குடுத்தாலும் எந்த நாள், யாரு கூட இருந்தாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு ஒண்ணும் வராது. தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்ககிட்ட இது அதிகமா இருக்குன்னு உளவியல் ஆய்வாளர்கள் மார்க் வில்லியம்ஸும் பிராட்பென்ட்டும் 1986-லயே எழுதிட்டாங்க. இது ஏன் முக்கியம்னா, ஒரு கஷ்டம் வரும்போது "அன்னைக்கு கடன் பிரச்சனைய மச்சான்கிட்ட பேசித்தானே சரி பண்ணோம்"னு பழைய ஒரு சம்பவத்துல இருந்துதான நாம வழி தேடுறோம், அந்த சம்பவமே கைக்கு வரலன்னா இருக்குற பத்து வழியும் கண்ணுக்குத் தெரியாம போயி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்னு மூளை சொல்லும். அவங்க கோழைங்களோ சுயநலக்காரங்களோ இல்ல, நோய் அவங்க பார்வைய அவ்வளவு சுருக்கிடுது.

அடுத்தது பாரம்ங்குற நினைப்பு. "என்னால எவ்வளவு செலவு, நான் இல்லன்னா இவங்க நிம்மதியா இருப்பாங்க". அந்த நோய்க்குள்ள இருக்குறவருக்கு இது தியாகம் மாதிரியே தெரியும், ஆனா அது நோய் போடுற தப்புக் கணக்கு. தயவுசெஞ்சு ஆஸ்பத்திரி பில்ல அவங்க முன்னாடி வச்சு பேசாதீங்க. "உன்னால எத்தன நாள் லீவு போட்டேன்"ங்குறத அவங்க நீங்க சொன்ன அர்த்தத்துல எடுத்துக்க மாட்டாங்க.

சந்தேகம் வந்தா நேராவே கேளுங்க, "சாகணும்னு தோணுதா"ன்னு. கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயப்படுறாங்க, அப்படி ஆகாது, நிறைய பேருக்கு யாரோ கேட்டாங்களேன்னு ஆறுதலாத்தான் இருக்கும். பதிலுக்கு அட்வைஸ் பண்ண வேணாம், "பிள்ளைங்கள நெனச்சுப் பாரு"ன்னும் சொல்ல வேணாம், முழுசா கேட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் தனியா விடாதீங்க.

நாங்க டிஸ்சார்ஜுக்கு முன்னாடி அவங்க கையாலயே ஒரு தாள்ல எழுத வைப்போம், நிலைமை மோசமாகுறதுக்கு என்ன அறிகுறி, அப்ப என்ன பண்ணா கொஞ்சம் தணியும், யாருக்கு போன் பண்ணணும், வீட்டுல எதெல்லாம் கைக்கு எட்டாம வைக்கணும்னு. நல்லா இருக்குறப்பவே எழுதி வைக்கிறது, ஏன்னா அந்த நேரத்துல யோசிச்சா எதுவும் வராது. அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் நம்பர் 14416-ஐயும் அதுலயே எழுதிடுங்க, இலவசம்தான், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் தமிழ்லயே பேசலாம்.