ஸ்டீரியோ: இரண்டு என்று யார் சொன்னது?

ஸ்டீரியோ என்ற சொல் தமிழ்நாட்டில் தனக்கென்று ஒரு பிழைப்பைத் தேடிக்கொண்டது. கேசட் காலத்தில் பஸ்ஸில் பாட்டுப் போடும் பெட்டிக்கு அதுதான் பெயர். பாட்டுப் பதிந்து தரும் கடைகளின் பெயர்ப் பலகையிலும் அது இருந்தது. 1978ல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள்தான் தமிழில் முதல் ஸ்டீரியோ என்று இன்றைக்கும் பரவலாகச் சொல்வார்கள். சரி, ஸ்டீரியோ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு ஸ்பீக்கர்" என்றுதான் பதில் வரும். தமிழாக்குகிறவர்களும் அதே எண்ணத்தில் 'இரட்டை ஒலி' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'இரண்டு' என்ற பொருள் துளியும் கிடையாது.

கிரேக்கத்தில் 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது, திண்மையானது என்று பொருள். கோத்த எழுத்துகளை அச்செடுத்து, ஒரே கெட்டித் தகடாக ஈயக் கலவையில் வார்க்கும் அச்சுத் தொழில்நுட்பத்துக்கு 'ஸ்டீரியோடைப்' என்று பெயர் வைத்தார்கள். எல்லாரையும் ஒரே மாதிரி நினைப்பதற்குப் பின்னாளில் அந்தப் பெயரே ஆகிவந்தது. நாமும் 'அச்சில் வார்த்த மாதிரி' என்கிறோமே, அதே பாதைதான். 1838ல் சார்லஸ் வீட்ஸ்டன் தட்டையான இரண்டு படங்களைக் கொண்டு கண்ணுக்கு ஆழமும் கனமும் உள்ள உருவத்தைக் காட்டும் கருவியை விவரித்து, அதற்கு 'ஸ்டீரியோஸ்கோப்' என்று பெயரிட்டார். படங்கள் இரண்டுதான். ஆனால் பெயர் அந்த இரண்டைச் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியும் கனத்தைச் சொல்கிறது. 1920களில் 'ஸ்டீரியோஃபோனிக்' என்ற சொல் பிறந்ததும் இதே வழியில்தான். கண்ணுக்கு உருவம் திரண்டு தெரிவது போல காதுக்கு ஒலி திரண்டு நிற்பது.

இதற்குப் பெரிய சான்று 1933 ஏப்ரல் 27 அன்று நடந்தது. ஃபிலடெல்ஃபியா இசைக்குழு தன் ஊர் அரங்கில் வாசிக்க, பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தார் அதைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். குழுவை நடத்துவதை அலெக்சாண்டர் ஸ்மாலென்ஸிடம் விட்டுவிட்டு, லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் ஒலிக் கட்டுப்பாடுகளின் முன் உட்கார்ந்திருந்தார். அங்கே மேடையில் ஆளே இல்லை, ஒலிபெருக்கிகள் மட்டும். எத்தனை தடம், அதாவது ஒலியைத் தனித்தனியாகக் கொண்டுபோகும் வழி எத்தனை தெரியுமா? மூன்று. மேடைக்கு முன்னால் ஒரு சுவர் முழுக்க மைக், கேட்கும் இடத்தில் ஒரு சுவர் முழுக்க ஒலிபெருக்கி என்பதுதான் அவர்கள் மனதிலிருந்த முழு வடிவம். நடைமுறைக்காக அதை மூன்றாகச் சுருக்கினார்கள்.

இரண்டு தடம் போதும் என்று காட்டியவர் இங்கிலாந்தில் இருந்தார். இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன். 1931ல் மனைவியோடு சினிமாவுக்குப் போனபோது, திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து வருவது அவரை உறுத்தியதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது வயது 28. எண் 394,325 கொண்ட அந்தக் காப்புரிமையில் இன்றைய ஸ்டீரியோவின் எலும்புக்கூடு முழுதும் இருக்கிறது. 1934 ஜனவரியில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமஸ் பீச்சம் தலைமையில் லண்டன் பில்ஹார்மானிக் குழு மோட்சார்ட்டின் 'ஜூபிடர்' சிம்ஃபனியை வாசிக்க, ப்ளூம்லைன் தன் முறையில் பதிந்தும் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், தன் கண்டுபிடிப்பை அவர் ஸ்டீரியோ என்று அழைக்கவில்லை. 'பைனாரல்', அதாவது இருசெவி என்றுதான் சொன்னார். மூன்று தடம் போட்டவர்கள் ஸ்டீரியோ என்கிறார்கள், இரண்டு தடம் போட்டவர் வேறு பெயர் சொல்கிறார்! 1942ல் ராடார் சோதனையின்போது விமான விபத்தில் ப்ளூம்லைன் இறந்தார். 38 வயது.

பிறகு எப்படி ஸ்டீரியோ 'இரண்டு' ஆனது? இசைத்தட்டின் பள்ளத்தால்தான். ஊசி ஓடும் பள்ளத்துக்கு இரண்டே சுவர்கள். ஆளுக்கு 45 டிகிரி சாய்வு. இடப்பக்க ஒலியை ஒரு சுவரிலும் வலப்பக்க ஒலியை மறு சுவரிலும் வெட்டலாம். இதுவும் ப்ளூம்லைன் காப்புரிமையில் உள்ளதுதான். 1958ல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது இந்த முறையில். மூன்று தடத்தில் பதிந்தவர்களும் தட்டு வெட்டும்போது இரண்டாகக் கலந்தாக வேண்டியிருந்தது. அப்புறம் மக்கள் வாயில் ஸ்டீரியோவுக்கு இரண்டு என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

பொருள் தேய்ந்ததில் இன்னொரு கருவிக்கும் பங்கு உண்டு. பல தடப் பதிவில் ஒவ்வொரு கருவியையும் தனி மைக்கில், ஒற்றை ஒலியாகப் பிடிப்பார்கள். கலக்கும்போது 'பான்பாட்' என்ற திருகைத் திருகி, கிடாரை இடப்பக்கம், தபலாவை வலப்பக்கம், பாடகரை நடுவில் என்று நிறுத்துவார்கள். இருபுறமும் ஒலி வரும், ஆனால் கருவிகள் தெருவோரக் கட்-அவுட்கள் மாதிரி வரிசையாக நிற்கும். பக்கவாட்டில் இடம் உண்டு, பின்னால் ஆழம் இல்லை. ஆழம் வேண்டுமென்றால் செயற்கை எதிரொலியைச் சேர்க்க வேண்டும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சினிமாப் பாட்டுக்கு இந்த வசதி இல்லாமல் முடியாது. ஆனால் சொல்லின் மூலப்பொருளில் பார்த்தால் இது ஸ்டீரியோ இல்லை, பல ஒற்றை ஒலிகளின் அடுக்கு.

மூலப்பொருளை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் 'ப்யூரிஸ்ட்' பதிவுக்காரர்கள், அதாவது ஒலியில் கைவைக்காமல் உள்ளபடியே பதிய நினைப்பவர்கள். அவர்களுடைய முதல் ஆயுதம் 'ப்ளூம்லைன் ஜோடி'. இரண்டு மைக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே புள்ளியில் வைத்து, ஒன்றை இடமாக 45 டிகிரி, மற்றதை வலமாக 45 டிகிரி திருப்புவார்கள். ஒவ்வொரு மைக்குக்கும் முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும், பக்கவாட்டில் காது கேட்காது. ஒலியைப் பிடிக்கும் பரப்பை வரைந்தால் 8 போல இருக்கும். ஒரே புள்ளியில் இருப்பதால் இரண்டுக்கும் ஒலி ஒரே நேரத்தில் வந்து சேரும். அளவு மட்டுமே மாறும். ஆனால் இரண்டு ஒலிபெருக்கியின் ஒலியும் நம் இரண்டு காதுக்கும் போகிறதல்லவா, அங்கே அந்த அளவு வேறுபாடு தாழ்ந்த சுரங்களில் நேர வேறுபாடாக மாறிவிடுகிறது. ஒலி வரும் திசையை மூளை அறிவது அப்படித்தான். ப்ளூம்லைன் கண்டுகொண்ட சூட்சுமம் இது.

பின்பக்கமும் கேட்பதால் அரங்கத்தின் எதிரொலிப்பு முழுக்கப் பதிவாகும். அரங்கம் நல்லதாக இருந்தால் வரம், இல்லாவிட்டால் தொலைந்தது. பிறகு உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. தபலா ஓங்கிக் கேட்டால் திருகைத் தொடுவதில்லை, வாசிக்கிறவரை நாலடி பின்னால் நகர்ந்து உட்காரச் சொல்ல வேண்டும்.

இந்த முறைக்கு உலகறிந்த உதாரணத்தைத் தந்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 'வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர். 1992 செப்டம்பரில் அங்குள்ள புனித அந்தோணியார் குருமடத்தின் சிற்றாலயத்தில் மோகன வீணை (கிடாரை மாற்றியமைத்த கருவி) வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டையும் கிடார் கலைஞர் ரை கூடரையும் உட்காரவைத்துப் பதிந்தார். இருவரும் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி, தும்பெக் என்ற அரபு மேளத்தில் கூடரின் மகன் ஜோவாகிம். ப்ளூம்லைன் ஜோடி, பொறியாளர் டிம் டி பாராவிசினி வடிவமைத்த, பழைய ரேடியோ மாதிரி வால்வில் ஓடும் கருவிகள், காந்த நாடா. அவ்வளவுதான். 1993ல் 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்று வெளியாகி, அடுத்த ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. அதைக் கேட்கும்போது, வலமும் இடமும் பிரிந்து கேட்பதைவிட, கம்பியின் ஒலி எழுந்து கூரையைத் தொட்டுத் திரும்பும் தூரம்தான் எனக்கு முதலில் தெரிகிறது.

இடையில் ஒன்று. 1951ல் மெர்குரி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒலிப்பதிவாளர் ராபர்ட் ஃபைன் சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவை ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார். அது மோனோ, ஒற்றைத் தடம். ஆனாலும் முன்வரிசை எது, பின்வரிசை எது என்று காது சொல்லும். பக்கவாட்டு இடம் இல்லாமலே ஆழம் கிடைக்கிறது. தட எண்ணிக்கையை வைத்துப் பெயர் வைத்தால் எவ்வளவு இடறும் என்பதற்கு இதுவே போதும்.

இனி தமிழுக்கு வருவோம். நம் பள்ளி வேதியியல் நூல்களில் இந்த முன்னொட்டு 'புறவெளி' ஆகியிருக்கிறது: புறவெளி வேதியியல், புறவெளி மாற்றியம். அணுக்கள் வெளியில் அமைந்திருக்கும் விதத்தைச் சொல்வதால் அங்கே பொருந்துகிறது. ஒலிக்கு வைத்தால் ஏதோ வெளியிலிருந்து வரும் சத்தம் போலாகிவிடும். இலக்கணப்படி அழகாக அமைவது 'திண்ணொலி'. திண் என்ற வேர் அப்படியே ஸ்டெரியோஸின் பொருள். ஆனால் சட்டென்று கேட்பவருக்கு 'பலத்த ஒலி' என்று தோன்றும், கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்குத்தான் சரிப்படும். கணிதத்தில் ஏற்கெனவே 'திண்மக் கோணம்' புழங்குகிறது. ஆகவே 'திண்ம ஒலி' என்பதே என் தேர்வு.

'இரட்டை ஒலி'யையும் தூக்கி எறிய வேண்டாம். கொஞ்சம் திருத்தி 'இருதட ஒலி' என்றால் அதற்கும் வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது, தமிழில் பிரித்தே வைக்கலாம். கைபேசியின் இரண்டு ஒலிபெருக்கி, பான்பாட் வைத்துக் கலந்த பாட்டு எல்லாம் இருதட ஒலி. ப்ளூம்லைன் ஜோடியில் பிடித்தது திண்ம ஒலி. 1933ல் வாஷிங்டனில் ஒலித்தது மூன்று தடத்தில் வந்த திண்ம ஒலி. பஸ்ஸில் இருக்கும் பெட்டிக்கு மட்டும் ஸ்டீரியோ என்ற பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.