"கடிக்காத சாதியா ஒன்னு சொல்லுங்க டொக்டர்"

போன வாரமும் ஒரு பிள்ளை. ஐந்து வயது, கன்னத்தில் தையல். கடித்தது வீட்டில் மடியில் வைத்துச் சோறூட்டிய பொமரேனியன். தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை யாருக்காவது கொடுத்துடுறேன், கடிக்காத சாதியா ஒன்னு சொல்லுங்க டொக்டர்" என்றார். மலையகத்தில் ஹட்டன் பக்கம் மிருக வைத்தியம் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி மனப்பாடம்.

பல்லுள்ள எந்த நாயும் கடிக்கும். ஒரு நாய் எந்த வேலைக்காக வளர்த்தெடுக்கப்பட்டது, நாளெல்லாம் எதற்குத் துடிக்கும் என்பதை அதன் சாதியை வைத்து ஓரளவு சொல்லலாம். உங்கள் பிள்ளையைக் கடிக்குமா என்பதைச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களைத் திரட்டிச் செய்த ஆய்வொன்று 2022இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் சாதியின் பங்கு 9 சதவீதம் அளவில்தான் என்றது அது. சொல்பேச்சு கேட்பதில் சாதிக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 2008இல் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுச் செய்த இன்னோர் ஆய்வில், சீறுவதில் முன்னுக்கு நின்றவை ரொட்வைலரோ அல்சேஷனோ அல்ல, குட்டை நாய்களான டாக்ஸ்ஹுண்டும் சிவாவாவும். குட்டை நாய் கடித்தால் சிரித்துவிட்டுப் போகிறோம், அதனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, சாதியைப் பார்க்கவே வேண்டாமா? பாருங்கள், ஆனால் உங்கள் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். லெப்ரடோர் நல்ல குணந்தான். ஆனால் சுட்ட பறவையைக் கவ்வி வருவதற்கென்றே வளர்த்த வம்சம், வாயில் ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு வயது வரைக்கும் செருப்பு, மெத்தை, பிள்ளையின் புத்தகப் பை எதுவும் தப்பாது. தோட்டத்து லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், நடக்க முடியாத பாட்டியும் இருக்கிற வீட்டில், அது பாசத்தோடேயே பாட்டியைத் தள்ளி விழுத்திவிடும். அல்சேஷன் ஆடு மேய்த்த நாய், ஓடுகிற பிள்ளைகளை மந்தை மாதிரி மறிக்கும், குதிகாலில் கவ்வும். அதைக் கடி என்று சொல்லி அடித்தால்தான் உண்மையான கடி வரும். ரொட்வைலருக்கு அதை அடக்கத் தெரிந்த ஒரு பெரிய ஆள் தினமும் வீட்டில் இருக்க வேண்டும். எல்லோரும் காலையில் மலைக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிற வீட்டுக்கு அது வேண்டாம். ஹஸ்கி? "நுவரெலியா குளிருக்குப் பொருந்தும்தானே" என்கிறார்கள். அது பனியில் வண்டி இழுத்து நாள் முழுக்க ஓடப் பிறந்தது. குளிர் இருந்தால் மட்டும் போதுமா, ஓட இடம் எங்கே?

என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு வளர்ந்த நம் நாட்டு நாய்க்குட்டி பல வீடுகளுக்குப் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்பினான் என்பதற்காக விலை கூடிய குட்டி வாங்கத் தேவையில்லை.

எதை வாங்கினாலும் தாயைப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் குந்தினால் அது ஒதுங்கி உறுமுகிறதா, வந்து முகர்கிறதா? தாயைக் காட்டாமல் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் குட்டியைக் கையில் தருபவனிடம் வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டி வேண்டவே வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை அது காணும் மனிதர், கேட்கும் சத்தம் எல்லாம் குணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் அதைச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, பிறகு "சாதி சரியில்லை" என்று என்னிடம் வராதீர்கள். ராத்திரி வெளியே கட்டுவதும் வேண்டாம். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் கட்டிய நாய் அதற்கு வைத்த சாப்பாடுதான்.

அந்தப் பொமரேனியனும் சும்மா கடிக்கவில்லை. கேட்டுப் பார்த்ததில், அது சாப்பிடும்போது பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறது. நாய் மெல்லுவதை நிறுத்தி விறைத்திருக்கும், உதட்டை நக்கியிருக்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாய்ப் பார்த்திருக்கும். அதற்கு முன்பு உறுமியபோதெல்லாம் அடித்திருக்கிறார்கள், அதனால் உறுமுவதை அது விட்டுவிட்டது. தயவுசெய்து உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விடாதீர்கள், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.

நாய்க்கு வருடா வருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள், அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. வீட்டு நாய்தானே என்று கடியைச் சும்மா விடாதீர்கள். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பிக்கொண்டு போகாதீர்கள். அங்கே அதையெல்லாம் முதலில் தேய்த்துக் கழுவித்தான் ஆக வேண்டும், அப்போது வலிக்கப்போவது பிள்ளைக்கு.