சொல்லழுத்தம்: காதில் விழுவது நினைவில் ஏன் தங்குவதில்லை?

‘டெவலப்’ என்று முதல் அசையில் அழுத்திச் சொல்லும் ஒருவரை, இரண்டாம் அசையில் அழுத்தி ‘டிவெலப்’ எனச் சொல்லச் சொல்லுங்கள். உடனே சரியாகச் சொல்லிவிடுவார். ஐந்து நிமிடம் கழித்துப் பேச்சுவாக்கில் அதே சொல் வரட்டும். பழைய ‘டெவலப்’தான் வரும். ஆங்கில உச்சரிப்புப் பயிற்சியில் அன்றாடம் பார்க்கிற காட்சி இது. ‘காது மந்தமோ’ என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். சிக்கல் காதில் இல்லை, நினைவில். (அசை என்றதும் நேரசை, நிரையசைக்குப் போய்விட வேண்டாம். இங்கே அது ஓர் உயிரொலியைச் சுற்றிய ஒலித்துண்டு மட்டுமே.)

பிரெஞ்சில் அழுத்தத்தை வைத்துச் சொற்கள் வேறுபடுவதில்லை, ஸ்பானிஷில் வேறுபடும். எமானுவேல் டுபூவும் உடன் ஆய்வாளர்களும் இரு மொழிக்காரர்களையும் ஒப்பிட்டு 1997இலும் 2001இலும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். 2001 ஆய்வில், அழுத்தம் மட்டுமே மாறும் இரண்டு பொருளற்ற சொற்களுக்கு 1, 2 என எண் கொடுத்து, அவற்றை வரிசையாக ஒலிக்கவிட்டு, கேட்ட வரிசையை எண்களாகத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ‘ஓகே’ என்று ஒரு குரல். காதில் மிச்சமிருக்கும் எதிரொலியை அது அழித்துவிடும். மூளை எதைப் பதிந்து வைத்ததோ அது மட்டுமே கைகொடுக்கும். வரிசை நீள நீளப் பிரெஞ்சுக்காரர்கள் தடுமாறினார்கள், ஸ்பானிஷ்காரர்கள் சமாளித்தார்கள். ஸ்பானிஷ் கற்றுத் தேர்ந்த பிரெஞ்சுக்காரர்களிடமும் இந்தத் தடுமாற்றம் நீங்கவில்லை என்று 2008இல் தெரியவந்தது.

தமிழிலும் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அளவு மாறினால் மாறிவிடும்: படம், பாடம், கொடு, கோடு. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 என்று தொல்காப்பியம் வகுத்த கணக்கை நம் காது இன்றும் பிசகாமல் போடுகிறது. பயிற்சி கெடுவதும் இங்கேதான். ஆங்கில அழுத்தம் ஒரே ஒலிக்கூறு அல்ல. நீளம், உரப்பு (ஒலியின் வலு), சுருதி (குரலின் ஏற்ற இறக்கம்) மூன்றும் சேர்ந்தது. இதில் உரப்பைவிட நீளத்துக்குப் பங்கு அதிகம் என்று லண்டனில் ஒலியியல் அறிஞர் டென்னிஸ் ஃப்ரை 1955இலேயே காட்டினார். ஆசிரியர் அழுத்திக் காட்டும்போது அசை நீள்கிறது. மாணவர் அதை ‘நெடில்’ என்று பதிந்துகொள்கிறார். அழுத்தம் பெறாத அசைகள் தேய்ந்துபோவதை அவர் கவனிப்பதே இல்லை. ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபடாக்ரஃபி’ ஆனதும் அது இரண்டாம் அசைக்கு நகர்கிறது, முதல் ‘ஃபோ’ வெறும் ‘ஃப’வாகச் சுருங்குகிறது. அழுத்தத்தில் பாதி வேலை இந்தச் சுருக்கம்தான் என்பேன்.

ஆங்கிலம் கேட்டு வளரும் காதுக்கு இந்த அழுத்தம் பிறந்த முதல் ஆண்டிலேயே பழகிவிடும். முதல் அசை வலுத்த சொற்களை அமெரிக்கக் குழந்தைகள் 9 மாதத்தில் கூடுதலாக விரும்பிக் கேட்பதும், 6 மாதத்தில் அந்த விருப்பம் இல்லாததும் 1993 ஆய்வில் பதிவாகியுள்ளன. வளர்ந்த பிறகு, வலுத்த அசை வந்தால் புதுச்சொல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நாம் அழுத்தத்தை இடம் மாற்றினால் அவர்கள் சொல்லை வேறெங்கோ தேடுவார்கள்.

பயிற்சி நினைவுக்கானதாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும், இருபது வேண்டாம். அகராதியில் அழுத்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு நேர்கோடு இருக்கும். அதைப் பார்த்து, அந்த அசைக்கு மட்டும் மேசையில் ஒரு தட்டு. மற்ற அசைகளை வேண்டுமென்றே தேய்த்துச் சொல்லுங்கள். ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தக் குரல்தான் மனதில் நிற்கும். அதனால் ஆண், பெண் என்று மூன்று குரல்களிலாவது கேளுங்கள். கேட்டவுடன் சொல்லாதீர்கள். 20இலிருந்து 10 வரை தலைகீழாக எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். மறுநாள் அதே சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும்.

தமிழிலேயே ‘படம்’, ‘பாடம்’ குழம்பினாலோ, கூப்பிட்டால் அடிக்கடி ‘என்ன?’ என்று கேட்டாலோ அது வேறு விஷயம். அப்போது உச்சரிப்பு வகுப்புக்கு முன்னால் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.